முத்துக் கரையின் மழையும் புயலும்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர் என்று மழைமானி காட்டியது. அதே பொழுதில் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கின்ற மழையின் சராசரியே ஏறத்தாழ 65 சென்டிமீட்டர்தான். அதாவது, ஓராண்டுக்குரிய மழையையும் அதற்கு மேல் ஏறக்குறைய அரைப் பங்கையும் சேர்த்து ஒரே நாளில் வானம் கொட்டித் தீர்த்தது. உப்பு விளைவதற்கேற்ற வறண்ட கரை என்று பெயர் பெற்ற நிலத்தில் இது நிகழ்ந்தது.

இத்தகைய நிகழ்ச்சிகளை 'இயற்கையின் சீற்றம்' என்ற இரண்டு சொற்களில் அடக்கிவிடுவது நம் வழக்கம். அவ்வாறு சொல்லி முடித்துவிட்டால் அதற்கு மேல் எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. காற்றும் மழையும் கடலும் ஒரு கரையை என்ன செய்யும் என்பது ஒரு கேள்வி. அவை செய்வதை அக்கரையில் வாழ்வோர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர், அவர்களுள் யாருடைய இழப்பு மிகுதி என்பது மற்றொரு கேள்வி. முன்னதற்குப் பௌதிக விஞ்ஞானம் விடை தேடுகிறது. பின்னதற்குச் சமூக விஞ்ஞானம் விடை தேடுகிறது. இவ்விரு கேள்விகளையும் சேர்த்துக் கேட்பதற்குத் தூத்துக்குடி முத்துக் கரையைப் போல் ஈராயிரம் ஆண்டுச் சான்றுகளைச் சுமந்து நிற்கும் இடங்கள் அதிகம் இல்லை. நம் முன்னோர் வணிகம் செய்தும், கடலில் மூழ்கியும், கலம் செலுத்தியும் வாழ்ந்த கரை ஆதலால், அதன் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கு ஒரு கடமையும் ஆகும்.

ஆறு நகர்த்திய துறைமுகங்கள்

பொதிகை மலையில் தோன்றி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் தாமிரபரணி, நீளத்தில் சிறிய ஆறு. ஆயினும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் மலை உச்சியில் பெற்று வருவதால் வற்றாத ஆறு. மலையிலிருந்து சமவெளிக்கு விரைந்து இறங்கும் அந்நீர் வண்டலையும் சுமந்து வருகிறது. இந்த வண்டல்தான் இக்கரையின் துறைமுகங்களின் தலைவிதியை எழுதியது.

பாண்டியரின் முத்துத் துறையாகச் சங்கப் புலவர்கள் போற்றிய கொற்கை ஆற்றின் கழிமுகத்தில் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய பூகோள நூலும் அதனைக் 'கொல்கோய்' என்று குறிக்கின்றன. இன்று அந்தக் கொற்கைக்குச் சென்று பார்ப்பவர் கடலைக் காண முடியாது. வயல்களுக்கும் பனைகளுக்கும் நடுவே, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூராக அது இருக்கிறது. 1960-களின் இறுதியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கதிரியக்கக் கரி ஆய்வு காட்டிற்று.

கொற்கையை ஆறு தூர்த்துவிட்ட பின்னர், கடலுக்கு இன்னும் அணுகிய இடத்தில் காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் தங்கும் பெருநகரம் என்று அதனை வருணித்தார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மஅபர், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரம் குதிரைகள் அனுப்பப்பட்டதாக எழுதி, பாண்டிய அரசில் உயர் பொறுப்பு வகித்த தகீயுத்தீன் அப்துர் ரஹ்மானையும் குறிப்பிடுகிறார். அந்தக் காயல் இன்றைய பழையகாயலே என்று 1870-களில் அங்கே ஆராய்ந்த பிஷப் கால்டுவெல் முடிவு செய்தார். சீனப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்பாண்டச் சில்லுகளும் அப்பகுதி மண்ணில் சிதறிக் கிடந்ததை அவர் கண்டார். இன்றைய காயல்பட்டினமே மார்க்கோ போலோ கண்ட நகரம் என்று கொள்வோரும் உண்டு. அந்த வாதம் எவ்வாறு முடிந்தாலும், ஆற்றின் செயலில் ஐயமில்லை. பழையகாயலையும் வண்டல் கடலிலிருந்து பிரித்தது. கழிமுகம் புன்னைக்காயலுக்கு நகர்ந்தது. கப்பல்களுக்கு ஏற்ற துறையைத் தேடிய போர்த்துக்கீசியரும், 1658-இல் அவர்களிடமிருந்து கரையைப் பறித்த டச்சுக்காரரும் தூத்துக்குடியை வளர்த்தனர்.

இங்கே ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. கொற்கையும் காயலும் ஒரே இரவில் அழிந்த நகரங்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாமல், ஆண்டுக்குச் சிறிதாகக் கடல் அவற்றை விட்டு விலகிச் சென்றது. புயலைக் கண்டு அஞ்சுகிறோம். வண்டலைக் கண்டு அஞ்சுவதில்லை. இரண்டும் ஊர்களை முடிக்கவல்லவை என்பதற்கு இக்கரையே சாட்சி.

மவ்சிம் என்னும் சொல்

பருவகாலத்தைக் குறிக்கும் அரபுச் சொல் 'மவ்சிம்'. அச்சொல் போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து, பின்னர் ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. இச்சொல்லின் பயணமே ஒரு வரலாறு. காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசும், எந்த நாளில் எந்தத் துறையை விட்டுப் புறப்பட வேண்டும் என்ற அறிவு அரபு மாலுமிகளிடம் நூலாகவே திரண்டிருந்தது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஹ்மத் இப்னு மாஜித் எழுதிய கடல்வழி நூல் அதன் சிகரம். நம் கரையிலோ அந்த அறிவு ஏட்டில் ஏறாமல் சொற்களில் தங்கிற்று. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று இலக்கியம் வகுத்த காற்றுகளோடு கச்சான், சோழகம் என்று கடலோடிகள் வழங்கும் பெயர்களும் சேர்ந்தால் ஒரு முழுமையான வானிலை அகராதியே உருவாகும்.

இந்த அறிவு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு இப்னு பதூதாவின் அனுபவம் எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1344-இல் இலங்கையிலிருந்து மஅபர் கரைக்கு அவர் கடல் கடந்தபோது காற்று கடுமையாயிற்று. கலத்தை நடத்தியவர் கடலறிந்தவர் அல்லர் என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். பாறைகளை அணுகிப் பிழைத்து, ஆழமில்லாத நீரில் கலம் தரை தட்டிற்று. பாய்மரத்தை வெட்டினர், சரக்கைக் கடலில் எறிந்தனர், மரங்களைப் பிணைத்துத் தெப்பம் அமைத்துச் சிலரைக் கரையேற்றினர். இரவெல்லாம் உடைந்த கலத்திலேயே தங்கியிருந்த அவரை, மறுநாள் காலையில் தோணியில் வந்து மீட்டவர்கள் அக்கரையில் வாழ்ந்த, அவருடைய மார்க்கத்தைச் சேராத மக்களே. உலகம் சுற்றிய அறிஞரை அன்று காப்பாற்றியது அவருடைய புலமை அன்று. அந்தக் கடலில் பழகிய எளியவர்களின் தோணி.

சிப்பிக்கு எழுதப்பட்ட கணக்கு

முத்துக் குளித்தலும் காற்றின் கணக்கைச் சார்ந்ததே. மார்க்கோ போலோ தம் காலத்தில் ஏப்ரல் மாதம் தொடங்கி மே மாதம் பாதி வரையில் முத்துக் குளித்ததாக எழுதினார். அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஆங்கில ஆட்சியில் நடந்த குளிப்புகளும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே சூழ்ந்து நடந்தன. வடகிழக்குக் காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று தொடங்குமுன், மன்னார் வளைகுடா அமைதியாகவும் தெளிவாகவும் கிடக்கும் இடைவேளை அது. ஆட்சிகள் மாறின, அந்த இடைவேளை மாறவில்லை.

கடலின் அடியில் பாறை மேடுகளாகக் கிடக்கும் 'பார்'களில் சிப்பிகள் ஒட்டி வாழ்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. பெரிப்ளூஸ் காலத்தில் கொற்கையில் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று அந்நூல் கூறுகிறது. பிற்காலத்தில் பரதவரும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலில் பேர் பெற்றனர். காலில் கல்லைப் பிணைத்துக்கொண்டு இறங்கி, மூச்சு அடங்கும் வரை சிப்பிகளைக் கூடையில் சேர்த்து, கயிற்றை அசைத்தால் மேலே உள்ளவர் இழுத்து ஏற்ற வேண்டும். சுறாவின் அச்சம் ஒருபுறம், நெஞ்சுவலி ஒருபுறம். இத்தனைக்கும் பின், எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே குளித்தவருக்கு.

ஆனால் சிப்பி எல்லா ஆண்டும் கிடைப்பதில்லை. இலங்கைப் பக்கத்தில் 1837 முதல் 1854 வரை குளிப்பே நடைபெறவில்லை. தூத்துக்குடிப் பக்கத்தில் 1860-களின் தொடக்கத்தில் நடந்த குளிப்புகளுக்குப் பின் நெடுங்காலம் ஓய்ந்திருந்து, 1889-இல்தான் பெரிய அளவில் மீண்டும் கடல் திறந்தது. கோடிக்கணக்கான இளஞ்சிப்பிகளைப் பரிசோதகர் ஒரு பருவத்தில் கண்டு கணக்கு எழுதுவார். மறு பருவத்தில் சென்று பார்த்தால் வெறும் மணல்.

இந்த மறைவின் காரணத்தை அறிய இலங்கை அரசு லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. 1902-இல் வந்த அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். இவரே பின்னர் சென்னை மாகாண மீன்துறையின் தலைவராகித் தூத்துக்குடியின் முத்து, சங்கு வளங்களைப் பற்றி விரிவாக எழுதினார். ஹெர்ட்மனின் அறிக்கையை லண்டன் ராயல் சங்கம் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. திறந்த கடலை நோக்கிய பார்களில் தென்மேற்குப் பருவக் காற்றின் வேகத்தால் மணல் புரண்டு இளஞ்சிப்பிகளை மூடிவிடுகிறது. சிப்பியைத் தின்னும் மீன்களும் நட்சத்திர மீன்களும் மிச்சத்தை முடிக்கின்றன. நீரோட்டத்தில் மிதக்கும் குஞ்சுகள் எந்தப் பாரில் போய்த் தங்கும் என்பது காற்றையும் ஓட்டத்தையும் பொறுத்தது என்பவை அவருடைய முடிவுகளுள் சில. 'சூரன்' என்று அழைத்த ஒருவகை மட்டி பெருகினால் சிப்பி நலிவடையும் என்ற கருத்து அதற்கு முன்பே இக்கரையில் வழங்கி, அதிகாரிகளின் குறிப்புகளிலும் ஏறியிருந்தது. ஆராய்ச்சியாளர் வருமுன்னரே அனுபவசாலிகள் கேள்வியைக் கேட்டிருந்தனர் என்பது இதனால் தெளிவாகும்.

இந்த ஆராய்ச்சிக்குப் பின் நடந்தது ஒரு பாடம். 1905-இல் இலங்கைக் கரையில் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு இருபத்தைந்து லட்சம் ரூபாய் வருவாய் கிட்டிற்று. அந்த ஓர் ஆண்டின் வளத்தை நம்பி, லண்டனில் ஒரு கம்பெனி எழுந்து இருபது ஆண்டுகளுக்குக் கடலைக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் சிப்பி இல்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. பங்கு வாங்கிய செல்வர்கள் பணத்தை இழந்தனர். குளிப்பையே நம்பியிருந்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. சராசரியை அறியாமல் உச்சத்தை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதை வானிலை அறிஞர்கள் இன்று எச்சரிக்கிறார்கள். முத்துக் கரை அதனை அன்றே காட்டிவிட்டது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதுவே இறுதிப் பெரும் குளிப்பு. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி, தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் முத்தை வளர்ப்பு முறையில் உருவாக்கி வெற்றி கண்டார். கடல் தர மறுத்ததை அறிவு தந்தது. எனினும், பழைய குளியாளிகளின் பிழைப்பை அது மீட்டுத் தரவில்லை.

புயலின் நாட்குறிப்பு

சுழன்று வீசும் புயலுக்கு 'சைக்ளோன்' என்று 1848-இல் பெயரிட்டவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன். 1864-இல் கல்கத்தாவை அழித்த புயலும், அடுத்து வந்த பருவமழைப் பொய்ப்புகளும் சேர்ந்து 1875-இல் இந்திய வானிலைத் துறையைத் தோற்றுவித்தன. நம் நாட்டில் வானிலை ஆராய்ச்சி, ஏட்டறிவின் ஆர்வத்தால் மட்டும் பிறந்ததன்று. பிணங்களின் மீது பிறந்தது. துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட எச்சரிக்கைக் கூண்டுகளை ஏற்றும் வழக்கத்திற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இலங்கைத் தீவு குறுக்கே நிற்பதால் மன்னார் வளைகுடாவிற்குப் புயல்கள் அடிக்கடி வருவதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோதும், நாகப்பட்டினமும் கன்னியாகுமரியும் கண்ட பேரிழப்பைத் தூத்துக்குடி காணவில்லை. அங்கும் அந்தத் தீவு ஒரு தடுப்பாயிற்று. ஆனால் அரிதாக வருவதே ஆபத்தைக் கூட்டுகிறது. அடிக்கடி வருவதற்கு மக்கள் ஆயத்தமாக இருப்பர்; ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதை மறந்துவிடுவர்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இலங்கையைக் கடந்து வந்த கடும்புயல் அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கிற்று. ஏழு மீட்டர் வரை எழுந்ததாக மதிப்பிடப்படும் கடல், ஊரையே விழுங்கிற்று. இரு நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,800 பேர் மாண்டனர். பாம்பனிலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட பயணி ரயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் மூழ்கிற்று. சிக்னல் இயங்காத நிலையில் சற்று நின்று பார்த்த ஓட்டுநர், பின்னர் ரயிலை முன்னே செலுத்தினார் என்பதே நமக்குக் கிடைக்கும் செய்தி. தனுஷ்கோடி வாழ்வதற்குத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

1978 நவம்பரில் இலங்கையின் மட்டக்களப்பை அழித்துத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட புயல், 24-ஆம் நாள் கீழக்கரையை அடுத்துக் கரையேறிற்று. தீவைக் கடந்து வந்ததால் அதன் வலிமை குறைந்திருந்தது. 1992 நவம்பர் 13-ஆம் நாள் காலையில் ஒரு புயல் தூத்துக்குடிக்கு அருகிலேயே கரையேறிற்று. அதையொட்டி மலைமேல் காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அணைகள் நிரம்பி வழிந்து தாமிரபரணி திருநெல்வேலிக்குள் புகுந்தது. 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ஒக்கி புயல் வேறொரு குறையைக் காட்டிற்று. கன்னியாகுமரிக்கு அருகே மிக விரைவாக வலுத்த அப்புயலின் எச்சரிக்கை வெளிவந்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் கரையைவிட்டு நெடுந்தூரம் போயிருந்தனர். கொடிமரத்தில் ஏற்றிய கூண்டு, அடிவானத்துக்கு அப்பால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு ரயில்கள்

மீண்டும் 2023-க்கு வருவோம். குமரிக் கடற்பகுதியில் நிலைத்து நின்ற காற்றுச் சுழற்சியே அந்த மழையைத் தந்தது. அது பெயரிட்ட புயல் அன்று. பெருங்காற்று இல்லை; கடல் ஊருக்குள் ஏறவும் இல்லை. மழை மட்டுமே பெய்தது. 1992-இல் பெருமழை மலையில் பெய்தது. அது அணைகளுக்கு வந்து, பின்னரே ஊருக்கு வந்தது. 2023-இல் கடலோரச் சமவெளியிலேயே பெய்ததால், மேலிருந்து வரும் ஆற்று வெள்ளமும், ஊரின் மீதே விழுந்த மழையும் ஒன்றையொன்று எதிர்கொண்டன. குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் குளத்து நீர் தூத்துக்குடி நகருக்குள் புகுந்தது. ஏரல், ஸ்ரீவைகுண்டம், காயல்பட்டினம் ஆகிய ஊர்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

டிசம்பர் 17-ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், சுமார் எண்ணூறு பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்று, இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டனர். மற்றவர் நிலையத்திலேயே இரண்டு இரவுகளைக் கழித்தனர். ஒருவரும் உயிரிழக்கவில்லை.

1964-இன் ரயிலையும் 2023-இன் ரயிலையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் வானம் இரக்கம் காட்டவில்லை, இரண்டிலும் இரவு, இரண்டிலும் முன்னே பாதை இல்லை. ஒன்றில் செய்தி வந்து சேரவில்லை, ரயில் சென்றது. மற்றொன்றில் செய்தி வந்தது, நிலையத்தார் அதனை மதித்தனர், ரயில் நின்றது. இயற்கை நிகழ்ச்சி வேறு, பேரழிவு வேறு என்று சமூக விஞ்ஞானிகள் கூறுவதன் முழுப் பொருளும் இவ்விரு ரயில்களுக்கும் இடையே அடங்கியிருக்கிறது. மழையை நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ரயிலை நிறுத்தும் ஆற்றல் உண்டு.

அந்நாட்களில் கரை காட்டிய இன்னொரு முகத்தையும் பதிந்து வைக்க வேண்டும். நிலையத்தில் சிக்கிய பயணிகளுக்குப் புதுக்குடி ஊர் மக்கள் கோவிலில் சமைத்து உணவளித்தனர். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் தன் கதவைத் திறந்து இந்துக் குடும்பங்களை நாட்கணக்கில் தங்க வைத்துப் பாதுகாத்தது. இப்னு பதூதாவை மீட்ட தோணிக்காரரின் மரபு அறுந்துவிடவில்லை. வள்ளல் சீதக்காதி பஞ்ச காலத்தில் உணவளித்ததைப் படிக்காசுப் புலவர் பாடி வைத்ததால்தான் அந்தக் கொடையையும் அந்தப் பஞ்சத்தையும் ஒருங்கே அறிகிறோம். நல்லதைப் பதிந்து வைப்பவர், கெட்ட காலத்தின் கணக்கையும் சேர்த்தே பதிகிறார்.

சுருங்கும் தீவுகள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே பவளப் பாறைகள் சூழ்ந்த 21 தீவுகள் இருந்தன. அலையின் வேகத்தை முதலில் தாங்கிக் கரையைக் காப்பவை இவையே. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகளை மனிதர் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தனர். விளைவாக விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்குள் மறைந்தன. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு, 1986-இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் பரப்புடையதாய் இருந்து, முப்பது ஆண்டுகளுக்குள் இரண்டு ஹெக்டேர் அளவிற்குச் சுருங்கிற்று. கடல் வெப்பம் மிகுந்த 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறிப்போயின.

வெட்டுதல் நின்றபின், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அரசுத் துறைகளோடு இணைந்து, வான் தீவின் கடற்புறத்தில் 2015 இறுதி முதல் செயற்கைப் பாறைகளை இறக்கினர். அலையின் வேகம் தணிந்து மணல் மீண்டும் தங்கத் தொடங்கியதாக அவர்களது ஆய்வுகள் கூறுகின்றன. இங்கேயும் கதை ஒன்றே. வெப்பம் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறது. அதனைத் தாங்கும் கேடயத்தை உடைத்ததோ உள்ளூர்க் கடப்பாரை.

நாம் செய்யக்கூடியது

காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர் என்று இன்று திட்டமாகச் சொல்ல முடிவது ஏன்? அங்கே ஒரு மழைமானி இருந்தது; அதைப் படித்து எழுதும் ஒருவர் இருந்தார் அல்லது ஒரு கருவி இருந்தது. கொற்கையின் கடைசிக் கப்பல் எந்த ஆண்டு வந்தது என்று சொல்ல முடியவில்லை. மார்க்கோ போலோவும் வஸ்ஸாஃபும் இப்னு பதூதாவும் எழுதியிராவிட்டால் காயலின் பெருமையும் நமக்குக் கிட்டியிராது. அவர்கள் மூவரும் வெளியூரார் என்பது நாம் நாணத்தக்க செய்தி. நம் கரையின் காற்றையும் மழையையும் நாமே எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு.

இக்குறையைப் போக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 2023-இல் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பதை ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசல் சுவரிலோ, மதரஸாச் சுவரிலோ, பள்ளிக்கூடத்துச் சுவரிலோ ஒரு கோடும் ஒரு தேதியுமாகப் பொறித்து வைக்கலாம். எந்த ஓடை வழியாக நீர் வந்தது, எந்த வாய்க்கால் அடைபட்டிருந்தது, எந்தத் தெரு முதலில் மூழ்கிற்று, எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் தங்கினர் என்பதை முதியோரிடமும் பெண்களிடமும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி ஜமாஅத்தின் பாதுகாப்பில் வைக்கலாம். வெள்ளத்தின் போது வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே ஆதலால், அவர்கள் சொல்லும் கணக்கே நுட்பமாக இருக்கும். புது மனை வாங்குவோரும் கட்டடம் எழுப்புவோரும் அக்குறிப்பேட்டைப் பார்த்த பின் அஸ்திவாரம் போடும் நிலை வரவேண்டும்.

இதில் ஏழைகளின் பங்கைத் தனியே எழுதுதல் வேண்டும். 2023 வெள்ளத்தில் தூத்துக்குடி உப்பளங்கள் மூழ்கின. அளத்தின் உரிமையாளர் உப்பை இழந்தார். அளத்தில் வேலை செய்தவர் நாள் கூலியை இழந்தார். உப்பின் இழப்பு கணக்கில் ஏறும். கூலியின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. முத்துக் கம்பெனி கலைந்த காலத்தில் பங்குதாரரின் இழப்பு பத்திரிகைகளில் வந்தது. குளியாளியின் இழப்பு எங்கே வந்தது? பேரிடரின் உண்மையான அளவை மழைமானி பாதிதான் காட்டும். மறு பாதியை, இழந்தவரின் வாசலில் நின்று கேட்டு எழுதுபவரே காட்ட முடியும்.

பெருமழை எப்போது மீண்டும் வரும் என்று எவராலும் நாள் குறிக்க இயலாது. கடலும் காற்றும் வெப்பமடைந்து வருவதால், இத்தகைய அதிதீவிர மழை முன்னிலும் அடிக்கடி வரக்கூடும் என்று வானிலை அறிஞர்கள் கூறுகின்றனர். அது வரும் நாளில் இப்போது தொட்டிலில் இருக்கும் குழந்தைகள் வீட்டுப் பெரியவர்களாக இருப்பார்கள். சுவரில் பொறித்த கோடும் ஜமாஅத்தின் குறிப்பேடும் அவர்களுக்குக் கிடைக்குமானால், எந்த மாடிக்கு ஏற வேண்டும், எந்தப் பாதையில் போகக்கூடாது, யார் வீட்டை முதலில் தட்ட வேண்டும் என்று அவர்கள் அறிந்திருப்பார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலை நிறுத்திய செய்தியைப் போன்றதே அதுவும். உரிய நேரத்தில் வந்து சேர்வதற்கு, அதை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும்.